முடங்கிய எலிகள் நடந்தது எப்படி?

காய் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு ஒரு வாரத்தில் கூடிவிடுகிறது. தண்டுவடம் நசுங்கினால் கூடுவதில்லை. அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளரப் பார்த்தாலும், காயத்தில் உண்டாகும் தழும்பு வழிமறிக்கிறது. விபத்தில் கால் செயலிழந்த பலர் ஆயுள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருக்க நேர்வதற்கு இது முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழுவினர் இதற்குப் பெப்டைடுகளை நாடினார்கள். அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிதான் பெப்டைடு. 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அவர்களது ஆய்வில் இரண்டு பெப்டைடுகள் கைகோத்தன. ஒன்று, லாமினின் என்ற புரதத்தில் உள்ள ஐந்தே அமினோ அமிலங்களின் துண்டு. நரம்பிழையை வளரச் சொல்லும். மற்றொன்று, எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியின் வேலையைச் செய்யும். புது ரத்தக் குழாய்களைத் தூண்டும்.

சுண்டெலிகளின் தண்டுவடத்தில் காயம் ஏற்பட்டு 24 மணி நேரம் கழித்து, ஒரே ஒரு ஊசி. உள்ளே போன திரவம் உடனே களியாக உறைந்தது. அதற்குள் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய இழைகள். அவற்றின் மேற்பரப்பில் இரண்டு பெப்டைடுகளின் சேதிகளும். நான்கு வாரங்களில், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்த எலிகள் நடந்தன! தழும்பு குறைந்திருந்தது, நரம்பிழைகள் வளர்ந்திருந்தன.

என்னை உண்மையிலேயே அசரவைத்தது அடுத்த விஷயம். இழையாகும் மூலக்கூறில், சேதி எதுவும் சொல்லாத நடுத்துண்டில் மட்டும் சில அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தார்கள். சேதிகள் அதேதான், எலிகள் குணமடைந்த அளவோ வெகுவாக மாறியது. இழைக்குள் மூலக்கூறுகள் எந்த அளவு துடிப்பாக அசைந்தனவோ அந்த அளவுக்கு எலிகள் தேறின. செல்லின் மேலிருந்து சேதியைப் பெறும் ஏற்பிகளும் ஓயாமல் அசைபவை. சேதி தாங்கிய மூலக்கூறும் அசைந்தால் இரண்டும் அடிக்கடி சந்திக்கும் என்பது ஸ்டப்பின் விளக்கம். ஆக, எதை எதோடு சேர்க்கிறோம் என்பதோடு, சேர்த்தது எப்படி அசைகிறது என்பதும் மருந்தின் பகுதி.

இவ்வளவு நுணுக்கம் வேண்டிய துறையில், பிபிசி-157, டிபி-500 என்ற இரண்டு பெப்டைடுகளையும் சேர்த்து ‘காயம் ஆற்றும் கூட்டு’ என்று இணையத்தில் விற்கிறார்கள். பிபிசி-157 பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை விலங்குகளில் நடந்தவை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இரண்டையுமே தடைசெய்திருக்கிறது. மூட்டுவலிக்கோ தசைக் காயத்துக்கோ யாராவது இந்தக் குப்பிகளைப் பரிந்துரைத்தால், தயவுசெய்து ஊசியைத் தொடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.