குளோரினைத் தின்னும் வெயில்

அடி அண்ணாமலையில் ஒரு தோட்ட வீடு. பின்புறம் எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலத்தில் நீச்சல் குளம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் குளோரின் போட்டாயிற்று. கத்திரி வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியபின் தண்ணீரைச் சோதித்தால் குளோரினைக் காணோம். போட்டவர் ஏமாற்றவில்லை, மருந்தும் மட்டமில்லை. வெயில்தான் தின்றிருக்கிறது.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், தண்ணீரில் கரைந்த குளோரினைச் சிதைத்துவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளத்தில், நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதி போய்விடும். அதனால்தான் குளம் பராமரிப்பவர்கள் பொழுது சாய்ந்தபின் குளோரின் போடுகிறார்கள். இரவு முழுக்க அது கிருமியோடு மல்லுக்கட்டும். சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் இருந்தால் குளோரினுக்குக் குடை பிடித்ததுபோல. ஆனால் அளவு மிஞ்சினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. குளோரின் மாத்திரைகள் பலவற்றில் இந்த அமிலம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மாத்திரையையே நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

வெயிலின் அடுத்த வேலை, தண்ணீரை ஆவியாக்குவது. இந்தக் குளத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போயிற்று. ஒரே நாளில் ஆறு மில்லிமீட்டர் இறங்கினால் 192 லிட்டர். போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். இறங்கியதை ஈடுகட்ட போர்வெல் உப்புத் தண்ணீரை விட விட, கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். சுண்ணாம்புக்கு ஒரு விசித்திர குணம்: தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைவது குறையும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல, நீர்மட்டத்தையொட்டிய டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுவது இதனால்தான். காரத்தன்மையும் கூடினால் குளோரினின் வீரியம் குறையும். பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும்; 8 ஆனால் கால் பங்குதான்.

நீர் இறங்குவது வெயிலாலா, கசிவாலா? ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வையுங்கள். மறுநாள் வாளியைவிடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிடலாம்.

ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழ். மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. அதில் குளோரினும் கிடையாது. குளத்து மருந்தை அது நீர்க்கச் செய்யும். கூடவே வந்து விழும் இலையும் மண்ணும் பாசிக்கு உரம். வெயிலுக்கென்று வைத்த அளவையே மழையிலும் பின்பற்றினால், நாலு நாளில் தண்ணீர் பச்சை கட்டும். பெருமழை விட்டதும் முதலில் சோதனை, அப்புறம்தான் மருந்து.

கோயில் குளத்தில் மீன் உண்டு. கொசுப்புழுவை அது பார்த்துக்கொள்ளும். வீட்டு நீச்சல் குளத்துக்குக் குளோரின்தான் காவலாள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் மூளை தின்னும் அமீபா, 2024-ல் கேரளத்தில் உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். அதையும் தடுப்பது சரியான அளவு குளோரின்தான். கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் சாவியோடு குளத்தின் பொறுப்பையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.