விழுவது நிச்சயம், விலாசம்தான் தெரியாது!

2025 மே 10, சனிக்கிழமை. மணி 11.54. அந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் எஸ்டேட் ஆசாமி என்றால் லஞ்ச்சுக்கு மணி பார்த்திருப்பீர்கள். பூந்தமல்லிவாசி என்றால் டிராஃபிக்கில் நின்றிருப்பீர்கள். தேசமே அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து, எல்லையில் ட்ரோன் வருகிறதா, ஏவுகணை வருகிறதா என்று பதறிக்கொண்டிருந்தது. சண்டை நிறுத்தம் சாயங்காலம்தான் அறிவிக்கப்பட்டது. அந்தக் களேபரத்தில், ஆகாயத்திலிருந்து வேறொரு வஸ்து வந்து இறங்கியதைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை.

பெயர், காஸ்மாஸ் 482. வயது 53. ஊர், சோவியத் யூனியன். (ஊரே இப்போது இல்லை. வஸ்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது!)

1972 மார்ச் 31-ல் வெள்ளி கிரகத்துக்கென்று அனுப்பப்பட்ட கலம் இது. ராக்கெட்டின் கடைசிக் கட்டம் காலை வாரிவிட, பூமியைத் தாண்ட முடியாமல் இங்கேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. கூடப் பிறந்த வெனீரா 8 சமர்த்தாகப் போய் அதே வருஷம் ஜூலையில் வெள்ளியில் இறங்கிவிட்டது. இது மட்டும் துபாய்க்குக் கிளம்பி மீனம்பாக்கத்திலேயே நின்றுவிட்ட பிள்ளை மாதிரி 53 வருஷம் சுற்றிச் சுற்றி வந்தது.

சைஸ் பெரிதில்லை. குறுக்களவு ஏறக்குறைய ஒரு மீட்டர், எடை அரை டன். மொட்டைமாடியில் 500 லிட்டர் தண்ணீர் டேங்க் தளும்பத் தளும்ப நிற்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் கனம். சாதாரண சாட்டிலைட் என்றால் காற்று மண்டலத்தில் உரசி, பெரும்பகுதி எரிந்து போய்விடும். இது வெள்ளியின் காற்றையும் வெப்பத்தையும் தாங்கச் செய்த டைட்டானியம் உருண்டை. முழுசாகவே தரைக்கு வந்து சேரலாம் என்றார்கள். அதனால்தான் உலகத்து ரேடார்கள் எல்லாம் அதன் மேல் கண் வைத்திருந்தன.

எங்கே விழுந்தது? மத்திய அந்தமானுக்கு மேற்கே 560 கிலோமீட்டரில் அடர்ந்த காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, ஜகார்த்தாவுக்கு மேற்கே கடலில் விழுந்தது என்பது ரஷ்யாவின் கணக்கு. மேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். நுழைந்ததாகச் சொல்லும் இடம், சென்னைக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர். ‘அப்பாடா, அவ்வளவு தூரமா’ என்கிறீர்களா? அந்த வஸ்துவின் வேகத்தில் அது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு!

ஐரோப்பிய விண்வெளிக் கழகம் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனியில் உள்ள ரேடார் ஒரு சுற்றில் அதைப் பார்த்தது. அடுத்த சுற்றுக்கு வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஆகவே நடுவில் எங்கோ விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். சம்பளத்தன்று பர்ஸில் பணம் இருந்தது, மறுநாள் காணோம், நடுவில் எங்கோ செலவாகியிருக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

“செவ்வாய்க்கு ராக்கெட் விடறாங்க, ஒரு டப்பா எங்க விழும்னு சொல்ல மாட்டாங்களா ஸார்?” என்று அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பி.காம். ஃபிசிக்ஸ் வராது, வகுத்தல் பெருக்கல் வரும். அதை வைத்தே சொல்கிறேன்.

தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருளின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர். அம்பத்தூரிலிருந்து ஆவடி போய், அங்கிருந்து பூந்தமல்லி வந்து சேர இரண்டு விநாடி போதும். (பஸ்ஸில் போகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.) ஆக, கணக்கில் ஒரு நிமிஷம் தப்பினால் இடம் 470 கிலோமீட்டர் தப்பும். சென்னை என்று சொன்னது மதுரையைத் தாண்டிவிடும். ஒரு மணி நேரம் தப்பினால் 28,000 கிலோமீட்டர். முக்கால்வாசி உலகம்!

நேரம் ஏன் தப்புகிறது? மேலே காற்று மிக மெல்லிசாக இருக்கிறது. அது உரசி உரசித்தான் பொருளைக் கீழே இழுக்கிறது. ஆனால் அந்தக் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் சீறினால் சூடேறி உப்புகிறது, அடங்கினால் சுருங்குகிறது. போதாக்குறைக்கு விழுகிற பொருள் குட்டிக்கரணம் வேறு போடுகிறது. அகலவாட்டில் வந்தால் உரசல் அதிகம், நீளவாட்டில் வந்தால் குறைவு. அதனால் இந்தத் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முன்னே பின்னே ஆகலாம். விழ ஐந்து நாள் பாக்கி என்றால் ஒரு நாள் பிசகும். ஐந்து மணி நேரம் பாக்கி என்றாலும் ஒரு மணி நேரம் பிசகும். கடைசி வரைக்கும் அது ப்ரொவிஷனல் கணக்குதான். ஃபைனல் ஆடிட் விழுந்த பிறகு!

இது புரியாததால் நாம் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1979-ல் ஸ்கைலாப். அமெரிக்காவின் 77 டன் விண்வெளி நிலையம். ஆவடியில் செய்கிற அர்ஜுன் டாங்கியைவிடக் கனம். தங்கள் ஊரில்தான் விழப்போகிறது என்று இந்தியாவில் எத்தனையோ கிராமங்கள் கதிகலங்கின. கடைசியில் ஜூலை 11 அன்று அது இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், தெருவில் குப்பை போட்டதற்காக 400 டாலர் அபராதம் விதித்தது!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2016 பிப்ரவரி 6-ல் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் என்று அரசு அறிக்கையே வந்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். ஆகாயத்தின் மேல் பழி போடுவது சுலபம், அது மறுத்துப் பேசாது. ஆனால் போன உயிருக்கு உண்மையான காரணம் தெரிய வேண்டாமா?

நிஜமாகவே விழுந்ததும் உண்டு. 2022 ஏப்ரல் 2 இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் சிந்தேவாஹி பக்கம் சுமார் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் ஒன்று வந்து விழுந்தது. சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டின் மேல்கட்டம் என்பது நிபுணர்கள் கணிப்பு. ஒருவருக்கும் காயமில்லை. நாமும் ரொம்ப யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. நம்ம பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம்!

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. விழும் இடம் தெரியவேண்டுமென்றால், விழும்வரை காத்திருக்கக் கூடாது. பிடித்து இறக்க வேண்டும். மேக-ட்ராபிக்ஸ் சாட்டிலைட்டில் மிச்சமிருந்த சுமார் 120 கிலோ எரிபொருளை எரித்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் ஆள் இல்லாத பகுதிக்கு மேலே இஸ்ரோ இறக்கியது. கார்ட்டோசாட்-2 தானாக விழ 30 வருஷம் ஆகியிருக்கும். மிச்ச எரிபொருளை வைத்து முன்கூட்டியே பாதையைத் தாழ்த்தியதால் 2024 பிப்ரவரி 14-லேயே இந்துமகா சமுத்திரத்தில் கதை முடிந்தது. ஆவடி மொட்டைமாடியில் நின்று ராக்கெட் பார்க்கிறோமே, அதே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே சமயத்தில் பத்துப் பொருள்களைப் பின்தொடரும் ரேடார் இருக்கிறது. பெங்களூரில் இதற்கென்றே தனி மையம் திறந்தார்கள், 2022 ஜூலை 11-ல். ஸ்கைலாப் விழுந்த அதே தேதி! 2030-க்குள் இந்தியாவின் எந்தப் பயணமும் மேலே குப்பை விடாது என்பது இஸ்ரோவின் இலக்கு.

எல்லா நாடும் இப்படிச் செய்யுமா? செலவு பிடிக்கும் சமாசாரம். கடைசிச் சொட்டு எரிபொருளையும் சம்பாதிக்கப் பயன்படுத்தாமல் இறுதிச் சடங்குக்கு எடுத்துவைக்க வேண்டும். அனுப்பிய நாடுதான் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1972-லேயே சர்வதேச ஒப்பந்தம் போட்டாயிற்று. 1978-ல் கனடாவில் அணு உலையோடு விழுந்த காஸ்மாஸ் 954-க்கு கனடா அனுப்பிய பில் சுமார் 60 லட்சம் டாலர். சோவியத் கொடுத்தது 30 லட்சம். பாதிக்குப் பாதி டிஸ்கவுண்ட்!

நமக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, வானத்திலிருந்து எது விழுந்து கிடந்தாலும் தொடாதீர்கள். விஷமான எரிபொருள் ஒட்டியிருக்கலாம். போலீஸுக்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடை அப்புறம்.

இரண்டு, ‘இன்று இரவு 9.17-க்கு ஆவடியில் விழுகிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “ப்ளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு ஸார்?” பதில் வரவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.