மலையில் நடந்த கல்யாணம்

குடும்ப வழக்கு – தொடர் 11

கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து ஒரு பெண் கண்ணீரோடு வந்து உட்கார்ந்தால், கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி இது: "சாதிச் சான்றிதழ் எடுத்து வந்திருக்கியாம்மா?"

கூட வந்த தாய்மாமனுக்கு முகம் சுருங்கிப் போகும். அடி வாங்கி வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைப்பார். ஆனால், அந்த ஒரு தாளில்தான் அவள் வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் என்பதே அடங்கியிருக்கிறது.

1955இல் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 2வது பிரிவின் 2வது உட்பிரிவு, அரசியல் சாசனம் சொல்லும் பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால்தான் பொருந்தும். அடுத்த ஆண்டு வந்த வாரிசுரிமை, தத்து – ஜீவனாம்சம், காப்பாளர் சட்டங்களிலும் இதே வாசகம்தான். அவரவர் வழக்கத்தை அவரவரிடமே விட்டுவைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், அந்த வழக்கம் எதுவென்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கல்வராயன் மலை மக்கள் மலையாளி என்ற பெயரில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ். தென்னாற்காடு, வடாற்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டப் பெயர்களோடு அந்தப் பட்டியல் போடப்பட்டிருக்கிறது. ஈரோடு அதில் இல்லை. அதனால் அந்த மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருக்கும் மலையாளிப் பெண்ணுக்கு ஒரு சட்டம், கல்வராயனில் இருக்கும் மலையாளிப் பெண்ணுக்கு வேறு சட்டம். பெயரும் பேச்சும் ஒன்றாயிருந்தும், மாவட்ட எல்லைதான் மணமுறிவுக்கான வழியைத் தீர்மானிக்கிறது.

இது தெரியாமல் போடப்படும் மனுக்கள் ஏராளம். இந்து திருமணச் சட்டத்தின் 13வது பிரிவின் கீழ் விவாகரத்து மனு தயாராகும். கொடுமை, கைவிடல் என்று காரணங்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். வாய்தா மேல் வாய்தா ஓடும். ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இவர்கள் பழங்குடியினர், மனுவே செல்லாது" என்பார். அதுவரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போன பணமும், விட்டுப்போன கூலியும் அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வராது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கணவர் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். "ஊர்ல நாயம் பேசி தீத்துவுட்டாங்க வக்கீலம்மா. பரியப் பணத்தக்கூட எங்கண்ணன் திருப்பிக் குடுத்துட்டாரு. ஆனா தாலுகா ஆபீஸ்ல கேட்டா கோர்ட்டு பேப்பர் கொண்டான்னு சொல்றாங்க" என்றாள். அவளைப் பொறுத்தவரை கல்யாணம் முடிந்துவிட்டது. ஊரைப் பொறுத்தவரையும் முடிந்துவிட்டது. அரசாங்கப் பதிவில் மட்டும் அவள் இன்னும் அவன் மனைவி.

இங்கே நான் விவாகரத்து கேட்பதில்லை. வழக்கப்படி மணம் முறிந்துவிட்டது என்று அறிவிக்கும்படி விளம்புகைப் பரிகாரம் கேட்கிறேன். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 7வது பிரிவிலேயே ஒருவருடைய திருமண நிலையை விளம்பும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. ஆனால், வழக்கம் இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதை நிரூபிக்க வேண்டும். 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு பழங்குடித் தம்பதியின் இருதார வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. இரண்டாவது திருமணம் தங்கள் வழக்கத்தில் செல்லாது என்பதை மனைவி நிரூபிக்க முடியாததால், கணவன் தப்பித்துவிட்டார்.

ஆகவே, ஊர்க் கவுண்டரையும் பெரியவர்களையும் மரத்தடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். முறிவுக்கு யார் யார் கூடுவார்கள், பரியத்தை, அதாவது மாப்பிள்ளை வீடு தந்த பணத்தை, யார் திருப்புவார்கள், பிள்ளை யாரிடம் இருக்கும், மறுமணத்துக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? ஒரே பெரியவர் சொன்னால் போதாது. இதற்கு முன் அப்படித் தீர்த்துவிட்ட இரண்டு மூன்று குடும்பங்கள் சாட்சி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பாதி நீதிமன்றத்துக்கு வெளியில்தான் நடக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறாத வக்கீல் இந்த வழக்கை எடுக்காமலிருப்பதே நல்லது.

எதிர்த்தரப்புக்கும் ஓர் ஆயுதம் உண்டு. பழங்குடியாக இருந்தாலும் முழுக்க இந்து முறைகளைப் பின்பற்றினால் இந்துச் சட்டம் பொருந்தும் என்று 2000இல் உச்ச நீதிமன்றமும், 2021இல் ஒரு மீனா பழங்குடித் தம்பதி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. கல்வராயனில் தாலி கட்டுகிறார்கள், கரியராமரைக் கும்பிடுகிறார்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வ கதையைச் சொல்கிறார்கள். வாதம் எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் முதல் மனுவிலேயே எந்த வழியில் போகிறோம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும்.

சாதி கேட்காத சட்டங்களும் இருக்கின்றன. பசிக்கு முதலில் அவைதான் உதவும். ஜீவனாம்சம் கேட்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவாகியிருக்கிறது. அந்தப் பெண் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்வானதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரேஷன் கார்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, உண்டு உறைவிடப் பள்ளிச் சேர்க்கைப் பதிவில் அப்பா பெயர் – இவையும் சான்றுகள்தான்.

சொத்து என்று வந்தால் நிலைமை இன்னும் கடினம். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அந்தத் திருத்தம் மலைக்கு ஏறவில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது பழங்குடிப் பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் ஒரு கோண்டு பழங்குடிக் குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், இமாசலப் பிரதேச வழக்கொன்றில், இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சமத்துவத்தை வைத்து வாதாடலாம், சட்டப்பிரிவை வைத்து வாதாட முடியாது. நாடாளுமன்றம் இதைத் திருத்தாமல் வைத்திருப்பது பெரும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. வழக்கத்தைக் காப்பது வேறு, மகளை வெறுங்கையோடு அனுப்புவது வேறு.

என் அப்பா கள்ளக்குறிச்சியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். மலைக்காரர்கள் வாசலில் நின்றால் உள்ளே அழைத்து உட்கார வைத்த பிறகுதான் வழக்குக் கட்டை அவிழ்ப்பார். பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டார். நான் சட்டக் கல்லூரியில் படித்தது ஐந்து ஆண்டு. குடும்ப வழக்கு நடத்தக் கற்றது அவரிடம்தான்.

பழங்குடியினரும் பெண்களும் குழந்தைகளும் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. கட்டணமில்லா எண் 15100. மலையில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர், கிராம செவிலியர், பஸ் கண்டக்டர் யாராவது இருந்தால், இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். மனுப் போடும் முன் சாதிச் சான்றிதழை வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.