ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி

வார விடுமுறைக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கார் எடுக்கிறவர்கள் ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய்விடுகிறார்கள். ஏலகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜவ்வாது மலை பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. போளூரிலிருந்து ஏறினாலும் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினாலும் ஜமுனாமரத்தூருக்கு வந்துவிடலாம். மலையில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டு, தங்கத் தோதான ஊர் அதுதான்.

ஊரையொட்டிக் கோலப்பன் ஏரி. படகில் ஒரு சுற்று, பீமன் அருவியில் ஒரு குளியல், வழியில் தேனோ சாமை அரிசியோ வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுவது வருகிறவர்களின் வழக்கம். எனக்கு அதில்தான் ஆதங்கம். இந்த மலையின் பெரிய சொத்தே பொழுது சாய்ந்த பிறகுதான் தெரியவரும்.

அதைக் கண்டுகொண்டவர் வானியல் அறிஞர் வேணு பாப்பு. தெற்கு வானமும் நன்றாகத் தெரிய வேண்டும், நகரத்து வெளிச்சமும் எட்டக் கூடாது என்று 1960-களில் இடம் தேடியவர், ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றுதான். அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்தபடி பதிவு செய்தார்கள். காவலூரில் நம்மவர்களும் அந்த மங்கலைப் பதிவு செய்தார்கள். நம் பாடப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி இது.

உள்நாட்டிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று பாடுபட்ட பாப்பு, அது முடிவதற்குள் 1982-ல் காலமானார். 1986-ல் அதைத் திறந்துவைத்த பிரதமர் ராஜீவ் காந்தி, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே சூட்டினார். 1988-ல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆய்வகத்துக்குள் பொதுமக்களை வழக்கமாகச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வாய்க்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பிப்ரவரி மாதம், நிலா இல்லாத ராத்திரி, எட்டரை மணி வாக்கில் தங்கும் இடத்தின் முற்றத்துக்கு வாருங்கள். செல்போனை உள்ளேயே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும். முதலில் மிருகசீரிடம் பிடிபடும். அதற்கு மேற்கே, உச்சிக்குச் சற்றுத் தள்ளி, கொத்தாகக் கார்த்திகை. தெற்கே தாழ்வாக, தனியாக மின்னுவது அகத்தியர். சென்னைப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் பஞ்சாங்கத்துப் பெயர்கள். இங்கே விரல் நீட்டிக் காட்டலாம்.

இந்த இருட்டுக்கு வேலி கிடையாது. அடிவார ஊர்கள் வளர வளர வெளிச்சம் மேலேறுகிறது; மலையிலும் விடுதிகள் முளைக்கின்றன. மலைவாழ் மக்களின் வீட்டு விளக்கையோ தெருவிளக்கையோ யாரும் அணைக்கச் சொல்லவில்லை. விடிய விடிய வானத்தைப் பார்த்து எரியும் அலங்கார விளக்கு யாருக்கு வேண்டும்? விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால், செலவும் குறைவு, வழியும் நன்றாகத் தெரியும். அறை எடுக்கும்போதே அதைக் கேளுங்கள். விருந்தாளி கேட்டால் விடுதிக்காரர் செய்வார்.

மழைக்காலத்தில் மேகம் விடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தோதான காலம். பெட்ரோலை அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் அவசியம்.