மரப்பெரணிகளை இனங்காணலும் வகைப்படுத்தலும்: தென்னிந்திய மலைச் சிற்றினங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சயாத்தியேசி குடும்பத்து மரப்பெரணிகளில் பேரினத்தை வரையறுக்கும் பண்பு, சோரஸ் மூடியிலிருந்து இலைக்காம்புச் செதிலுக்கு மாறியுள்ளது. தென்னிந்தியாவில் வளரும் மூன்று சிற்றினங்களைச் சான்றாகக் கொண்டு அம்மாற்றத்தையும், மாதிரி சேகரிப்பில் அது வேண்டும் திருத்தத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரப்பெரணி, சயாத்தியேசி, சோரஸ், செதில், வகைப்பாட்டியல்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடுகளிலும் பனைபோல் நிமிர்ந்த தண்டும், உச்சியில் குடையென விரிந்த இலைகளும் கொண்டு நிற்பவை மரப்பெரணிகள். பூவும் விதையும் அற்ற இவை ஸ்போர்களால் பெருகுகின்றன. மலருறுப்புகள் இல்லாமையால், எப்பண்பைக் கொண்டு இவற்றைப் பிரிப்பது என்பதே வகைப்பாட்டாளர் முன் நின்ற முதல் வினாவாகும்.

சோரஸ் மூடிவழி வகைப்பாடு

இலையின் அடிப்புறத்தில் ஸ்போரகங்கள் கொத்தாக அமைந்திருக்கும். இக்கொத்து சோரஸ் எனப்படும். அதனை மூடும் மெல்லிய சவ்வு இண்டூசியம் ஆகும். 1793இல் ஸ்மித் சயாத்தியா பேரினத்தை நிறுவினார்; 1810இல் இராபர்ட் பிரவுன் அல்சோஃபிலா, ஹெமிடீலியா ஆகியவற்றைச் சேர்த்தார். சோரஸைச் சூழும் மூடியுடையவை சயாத்தியா, ஒருபுறம் மட்டும் செதில்போன்ற மூடியுடையவை ஹெமிடீலியா, மூடியற்றவை அல்சோஃபிலா எனக் கொள்ளப்பட்டன. இம்முறைப்படியே 1844இல் ஹூக்கர், மூடியுடைய ஸ்பைனுலோசாவைச் சயாத்தியாவிலும், மூடியற்ற ஜைகாண்டியா, கிரினிட்டா இரண்டையும் அல்சோஃபிலாவிலும் வைத்தார்.

இம்முறை எளியது, ஆனால் உறுதியற்றது. சோரஸ் முதிர்கையில் மூடி கிழிந்து போவதால், மூடியுடைய பெரணியின் முதிர்ந்த இலையும் மூடியற்றதாகத் தோன்றக்கூடும். மேலும், முழுமூடிக்கும் மூடியின்மைக்கும் இடைப்பட்ட நிலைகள் பல உள்ளன. இத்தகைய குறைகளால் ஹால்ட்டம் 1963இல் இவையனைத்தையும் சயாத்தியா என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். நீலகிரியின் பெயர் தாங்கிய சயாத்தியா நீல்கிரென்சிஸை அவர் 1965இல் தனிச் சிற்றினமாக விவரித்ததும் இவ்விரிந்த பொருளிலேயே ஆகும்.

செதில்வழி வகைப்பாடு

1970இல் டிரையன் இலைக்காம்பின் அடியிலுள்ள செதில்களின் நுண்ணமைப்பை முதன்மைப்படுத்தினார். செதிலின் உயிரணுக்கள் விளிம்புவரை ஒரே தன்மையனவாயின் அது ஸ்ஃபீராப்டெரிஸ் ஆகும். விளிம்பு உயிரணுக்கள் நடுப்பகுதியினின்றும் வேறுபட்டு, நுனியில் கருநிற முள்மயிர் இருப்பின் அல்சோஃபிலா ஆகும். வேறுபட்ட விளிம்பு இருந்தும் நுனி முள்மயிர் இல்லையாயின் அது அவர் வகுத்த பிற பேரினங்களைச் சாரும். குறுகிய பொருளில் சயாத்தியா அவற்றுள் ஒன்று.

இவ்வளவுகோலால் முற்கூறிய மூன்றன் உறவு தலைகீழாயிற்று. மூடியின்மையால் ஒன்றாக வைக்கப்பட்ட ஜைகாண்டியாவும் கிரினிட்டாவும் பிரிந்தன. கிரினிட்டா ஸ்ஃபீராப்டெரிஸுக்குச் சென்றது. மூடியுடைய ஸ்பைனுலோசாவும் மூடியற்ற ஜைகாண்டியாவும் அல்சோஃபிலாவில் இணைந்தன. பின்னர் வந்த பசுங்கணிக டி.என்.ஏ. ஆய்வுகள், அல்சோஃபிலா, சயாத்தியா, ஜிம்னோஸ்ஃபீரா, ஸ்ஃபீராப்டெரிஸ் என்னும் நான்கு கிளைகளைக் காட்டின. 2016ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பெரணி வகைப்பாடு ஜிம்னோஸ்ஃபீராவை அல்சோஃபிலாவுள் அடக்கி மூன்று பேரினங்களை ஏற்றது. ஜைகாண்டியா இடம்பெறும் ஜிம்னோஸ்ஃபீராவைத் தனிப் பேரினமாகக் கொள்வாரும் உளர்.

களத்தில் இனங்காணல்

பேரினத்தைத் தீர்மானிக்கும் தகுதியை இழந்த சோரஸ் மூடி, சிற்றினத்தை அறிய இன்றும் பயன்படுகிறது. ஸ்பைனுலோசாவின் இலைக்காம்பில் கூரிய முட்கள் உள்ளன. இளஞ்சோரஸ் உருண்டை மூடியால் சூழப்பட்டிருக்கும். ஜைகாண்டியாவின் காம்பு பளபளக்கும் கருநிறமுடையது, முள்ளற்றது. சோரஸ்கள் தலைகீழ் 'ப'கரம் போலன்றி, நடுநரம்பையொட்டிக் கூர்ங்கோண வடிவில் அணிவகுக்கும். பழனி மலையிலும் இலங்கையிலும் உயரமான இடங்களில் வளரும் கிரினிட்டாவை அதன் அடர்ந்த வெளிர்நிறச் செதில்கள் காட்டிக்கொடுக்கும்.

சேகரிப்பில் வேண்டும் திருத்தம்

மரப்பெரணியின் இலை பெரியது. உலர்தாவரத் தாளில் அதன் ஒரு பகுதியே அடங்கும். ஆகவே ஸ்போர் தாங்கிய இலைத்துண்டு மட்டும் சேகரிக்கப்பட்டு, தடித்த காம்படி காட்டிலேயே விடப்படுவதுண்டு. அவ்வாறாயின் பேரினத்தை உறுதிசெய்யும் உறுப்பே மாதிரியில் இராது. செதிலோடு கூடிய காம்படித் துண்டு, இலையின் நடுப்பகுதி, இளமையும் முதிர்வுமான சோரஸ்கள், தண்டின் உயரம் குறித்த குறிப்பு ஆகிய நான்கும் ஒருசேர வேண்டும்.

பெயர்மாற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பிணைப்பில் இப்பெரணிகள் சயாத்தியா என்னும் விரிந்த பெயரில் இடம்பெறுகின்றன. அல்சோஃபிலா என்று இன்று எழுதப்படும் தாவரம் அப்பட்டியலுக்கு உட்பட்டதே என்பதை அறியாதார், காப்புக்குரிய இனத்தைக் காப்பற்றதாகக் கருத நேரும்.

முடிவுரை

பெரிதாய்க் கண்ணில் படும் பண்பே உறவைக் காட்டும் என்னும் கருத்து மரப்பெரணிகளில் பொய்த்தது. உருப்பெருக்கியின்கீழ் மட்டுமே தெளிவுறும் செதிலின் விளிம்பு பேரினத்தையும், காம்பும் சோரஸும் சிற்றினத்தையும் சுட்டுகின்றன. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் கொள்வதும், காம்படியைத் தவறாது சேகரிப்பதும் தென்னிந்திய மரப்பெரணி ஆய்வின் அடிப்படைத் தேவைகளாகும்.