மூன்று பயிருக்கு ஒரே கணக்கு

“பத்து டன் தொழு உரம் கொட்டியாச்சுண்ணே. அப்புறமும் எதுக்கு யூரியா?”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பி கேட்டார். முதல்முறையாக ஒரு ஏக்கர் தக்காளி வைக்கப்போகிறார். நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை, ஆனாலும் தொடங்கினேன்.

மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து நூறு கிலோவுக்கு அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். பத்து டன்னுக்கு 50 கிலோ. அதுவும் மொத்தமாகக் கிடைக்காது. தவணை தவணையாகத்தான் கைக்கு வரும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுக்கக் கொடுக்கத்தான் வேர் எடுக்கும். முதல் பயிருக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோ வந்தால் சரி. ரகத் தக்காளிக்கு ஏக்கருக்கு 60 கிலோ வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. ஆக, பள்ளத்தை நிரப்ப இரண்டு மூட்டை: பாதி அடியுரம், பாதி முப்பதாம் நாள் மண் அணைக்கும்போது. அடியுரத்தில் டிஏபி போட்டால் 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ தழைச்சத்து அதிலேயே வந்துவிடும். அதை யூரியாவில் கழித்துவிட வேண்டும். பலரும் கழிப்பதில்லை.

“அப்ப எருவுக்குச் செலவழிச்சது தண்டமா?”

இல்லவே இல்லை. மீதி அடுத்தடுத்த பயிருக்கு நிற்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உர வயல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாத்திக்கும் ஆண்டுக்கணக்காக ஒரே விதமான உரம். ரசாயன உரத்தோடு எருவும் சேர்ந்து கண்ட மண்ணில் கரிமச் சத்து கூடுதலாக நிற்பதை அங்கே பார்க்கலாம். நான் ஒரு பயிருக்கு மட்டும் உரக் கணக்கு போடுவதை விட்டதற்கு இதுதான் காரணம். மூன்று பயிருக்கும் சேர்த்தே போடுகிறேன்.

தக்காளி எடுத்த இடத்தில் கத்தரி, மிளகாய் வேண்டாம். ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே காத்திருக்கும். தட்டைப்பயறு போடுங்கள். விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற பாக்டீரியா உரத்தோடு புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தினால் போதும். ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. யூரியாவை அள்ளிக் கொடுத்தால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, சின்ன வெங்காயம். அதன் வேர் குட்டை, வேர்த்தூவியும் குறைவு. மணிச்சத்தோ மண்ணில் இடம்விட்டு நகராது. வேம் (VAM) என்ற வேர்ப் பூஞ்சாணத்தின் நூலிழைகள்தான் வேர் எட்டாத இடத்திலிருந்து எடுத்து வந்து கொடுக்கும். அதே வேமை முட்டைக்கோஸுக்கோ முள்ளங்கிக்கோ போட்டால் காசு வீண். அந்தக் குடும்பத்து வேர்கள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதைச் சொல்லாமல் எல்லாப் பயிருக்கும் ஒரே சீட்டு எழுதிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

இன்னொன்று. அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தையும் யூரியாவையும் ஒரே கூடையில் கலக்காதீர்கள். உப்புச் சூட்டில் உயிர் போய்விடும். மக்கிய எருவில் கலந்து ஈர மண்ணில் இட்டு, ஒரு வாரம் இடைவெளி விட்டு உரம் கொடுங்கள்.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தார். “கொட்டின எருவுல வைக்கோல் அப்படியே தெரியுதேண்ணே?”

குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தீர்களா என்றேன். சுடுகிறதாம். அது இன்னும் மக்கவில்லை. அதை உழுதுவிட்டால் வைக்கோலைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு மூட்டை யூரியா போட்டும் நாற்று மஞ்சளாக நிற்கும். “இறைக்காதீங்க. தண்ணி தெளிச்சு, கிளறி மூடி வைங்க. நாற்று இன்னும் விடலையே? சூடு அடங்கினப்புறம் விதைங்க.”