செல்லுக்குள்ள ஒரு டாஸ்

இன்னைக்கு பாக்டீரியாவுக்குள்ள ஓடுற ஒரு கடிகாரத்தைப் பத்திப் பேசலாம்.

2000-ஆம் ஆண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ.கோலை பாக்டீரியாவில் மூன்று ஜீன்களை வைத்து ஒரு சர்க்யூட் செய்தார்கள். பெயர் ரெப்ரெசிலேட்டர். முதல் ஜீனோட புரோட்டீன் இரண்டாவது ஜீனை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. ஸ்டோன், பேப்பர், சிசர்ஸ் மாதிரி! மூன்றும் மாறி மாறி ஏறி இறங்கும். கூடவே ஒளிரும் புரோட்டீன் ஒன்றைச் சேர்த்ததால், செல் பச்சையாக மின்னி மின்னி அடங்கும்.

ஆனா கடிகாரம் ஒழுங்கா ஓடல. ஒரே தாய் செல்லின் இரண்டு மகள் செல்களே சீக்கிரம் வேற வேற நேரம் காட்டின. ஜீனும் ஒண்ணு, சூழலும் ஒண்ணு. அப்புறம் ஏன்?

ஒரு முக்கியமான காரணம், செல் பிரியும் விதம். டிஎன்ஏவை செல் கவனமாகப் பங்கு போடும். புரோட்டீனை அப்படி எண்ணிக் கொடுப்பதில்லை. பிரியும் நேரத்தில் எந்தப் பக்கம் நிக்குதோ, அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு டாஸ் போடுற மாதிரி. 1000 மூலக்கூறு இருந்தால் 516-484 என்று ஏறக்குறைய சமமாக வரும். 10 மட்டும் இருந்தால்? சரியா 5-5 விழ வாய்ப்பு நாலில் ஒண்ணுதான். 7-3 விழவும் கிட்டத்தட்ட அதே வாய்ப்பு! 3 மட்டும் கிடைத்த செல்லில் அடக்குகிற பிடி சீக்கிரம் தளரும். அடுத்த ஜீன் முந்திக்கும். கடிகாரம் பிசகும்.

2016-இல் ஹார்வர்டில் யோஹான் பால்சன் குழு இதைச் சரிசெய்தது. எனக்குப் பிடிச்சதே அவங்க வழிதான். கண்காணிக்க புதுசா எந்தக் கட்டுப்பாடும் வைக்கல. புரோட்டீன்களை வேகமாக அழிக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். அப்புறம், ஒரு புரோட்டீனைச் சும்மா பிடித்து வைத்துக்கொள்ளும் டிஎன்ஏ துண்டுகளை ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளே விட்டார்கள். கொஞ்சநஞ்சம் மிச்சமிருப்பதை ஸ்பாஞ்சே உறிஞ்சிக்கும். அதனால மூலக்கூறுகள் நிறைய இருக்கும்போதே சுவிட்ச் மாறிடும். கடைசிப் பத்தின் டாஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விளைவு? நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு நேரம் தப்பாத கடிகாரம். ஒரு குடுவை நிறைய பாக்டீரியா, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே, சேர்ந்து மின்னின.

பாக்டீரியாவை உடலுக்குள்ள மருந்து தயாரிக்க வைக்கணும்னு பலர் முயற்சி செய்கிறார்கள். அங்கே சர்க்யூட் சரியா இருந்தா மட்டும் போதாது. ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் விழுகிற டாஸையும் அது தாங்கணும்.